இரவல் வாங்கிய கோபம்

சென்ற வருடக் கடைசியில் எங்கள் ஊரில் நடந்த இலக்கிய ஒன்றுகூடலொன்றில் நண்பர் ஒருவர் விஞ்ஞானமும் அறமும் பற்றி உரை நிகழ்த்தினார். அவர் நல்ல கவிஞர். அவருடைய முதல் தொகுதிக்கு விமர்சனம் எழுதியவர்களில் நானும் ஒருவன். மஃரிபுக்குப் பிறகு தொடங்கிய கூட்டம், நாற்பது பேரளவில் இருந்தோம். உரையின் நடுவில் அவர் பார்க்கின்சன் நோய்க்காக மேற்கில் நடக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சியைத் தொட்டார். ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டுகளில் மனிதக் குழந்தைகள் கொல்லப்படுவதாகவும், யாரோ ஒரு கிழவனின் கைநடுக்கத்தை நிறுத்த இன்னோர் உயிரைப் பலியிடும் நாகரிகம் இது என்றும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. பிறகு, இந்தக் கருவியல் எல்லாம் ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்று முடித்தார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை. சபை நாகரிகம் ஒரு காரணம். மற்றது அந்த 'யாரோ ஒரு கிழவன்'. அதைக் கேட்ட நிமிடத்தில் என் புத்தி கூட்டத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டது; வாப்பாவுக்கு இரவுக் குளிசை கொடுத்திருப்பார்களா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரை பின்னர் அச்சுப் பிரதியாகவும் கைக்குக் கை போனது. ஆகவே என் பதிலையும் எழுத்திலேயே தருகிறேன்.

நண்பர் கைநடுக்கம் என்றார். வாப்பாவுக்குக் கை பெரிதாக நடுங்கியதே இல்லை. முதலில் போனது மணம். உம்மா வட்டிலப்பம் அவிக்கும்போது ஏலக்காய் வாசம் தெருமுனைக்கு வரும். வாப்பா பக்கத்தில் இருந்துகொண்டு 'என்ன அவிக்கிறீங்க' என்று கேட்டார். அடுத்தது கையெழுத்து. முப்பத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதிய மனிதர். வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, வரி முடியும்போது எறும்பு ஊர்ந்த தடமாகச் சிறுத்துப் போகும். 'மகன், கை சொல்லுக் கேக்குதில்ல' என்றார். வயது என்று நாங்கள் சொன்னோம். இரண்டு வருடம் அப்படியே சொன்னோம். 2012இல் நரம்பியல் வைத்தியர் அவரை ஒரு வெற்றுத்தாளில் பத்து வரி எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்.

இப்போது வாப்பா வீட்டு வாசற்படியில் உறைந்து நிற்பார். கால் தரையில் ஒட்டிவிடும். பின்னால் நிற்கும் யாரும் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. ஆனால் பள்ளிவாசலில் ஸஃபுக்காகக் குறுக்கே போட்ட கோடுகளைக் கண்டால் ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தாண்டி முன் ஸஃபுவரை போய்விடுவார். கண் முன்னே குறுக்குக்கோடு இருந்தால் உறைந்த கால் அசையும் என்பது இந்த நோயை அறிந்த வைத்தியர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எங்களுக்கு அதைப் பள்ளிவாசல்தான் காட்டித்தந்தது. பிறகு வாசற்படிக்கு முன்னால் வெள்ளைப் பெயின்றால் ஐந்து கோடு கீறி வைத்தோம்.

இதை இரக்கம் தேடி எழுதவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசுவோம் என்பதற்காக எழுதுகிறேன்.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய ஒரு சிறு நூலிலிருந்து இந்த நோய்க்குப் பெயர் வந்தது. மூளையின் அடிப்புறத்தில், நிறத்தால் கறுத்திருக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரந்து, மேலே இன்னொரு பகுதிக்கு அனுப்புகின்றன. நினைத்தது அசைவாக மாறுவதற்கு அந்தப் பொருள் வேண்டும். பார்க்கின்சனில் இந்தக் கலங்கள் சாகின்றன. வெளியே அறிகுறி தெரியும்போது அவற்றில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957இல் தொடங்கிய ஆய்வுகள் டோபமைனின் வேலையைக் காட்டின; அதற்காக 2000இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அறுபதுகளின் முடிவில் லெவோடோபா என்ற மருந்து வழக்கத்துக்கு வந்தது. வாப்பா இன்றும் குடிப்பது அதைத்தான். அறுபது வருடப் பழைய மருந்தை விடச் சிறந்தது இன்னும் வரவில்லை என்பதே இந்த நோயின் நிலைமை.

அந்தக் குளிசை சில மணித்தியாலங்கள்தான் நிற்கும். இறைச்சிக் கறியோடு குடித்தால் சரியாக உறிஞ்சப்படாது. நேரம் தவறினால் மனிதன் பலகை. நோய் வந்த முதல் இரண்டு றமழானிலும் வாப்பா யார் சொல்லியும் கேட்காமல் நோன்பு பிடித்தார். இரண்டாவது வருடம் தராவீஹில் சுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. இரண்டு பொடியன்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். பள்ளி இமாம் வீட்டுக்கு வந்து, நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, பித்யா கொடுங்கள் என்று சொல்லி ஒரு மணித்தியாலம் இருந்து சமாதானப்படுத்திவிட்டுப் போனார். மார்க்கம் அந்த இடத்தில் எவ்வளவு மென்மையாக நடந்துகொண்டது என்பதை நான் மறக்கவில்லை. நண்பருடைய உரையில் நான் தேடியதும் கிடைக்காததும் அதுதான்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். செத்த கலத்தின் இடத்தில் புதுக் கலத்தை வைக்க முடியுமா என்பதே கேள்வி. நமது பாடப்புத்தகங்கள் செல்லைக் கலம் என்பதால் ஸ்டெம் செல்லை நான் மூலக்கலம் என்று எழுதுகிறேன். எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய, இன்னும் எதுவாகவும் மாறாத கலம் அது. 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து அப்படிப்பட்ட கலங்களைப் பிரித்து, தட்டில் தொடர்ந்து பெருகச் செய்தார். அந்த முளையங்கள் எங்கிருந்து வந்தன? பிள்ளையில்லாத தம்பதிகளுக்காகச் சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி, தேவைக்கு மிஞ்சி, பெற்றோரின் சம்மதத்தோடு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டவை. ஐந்தாறு நாள் வயது. ஒரு முற்றுப்புள்ளியைவிடப் பெரிதில்லாத கலத்திரள். அதில் நரம்பில்லை, இதயமில்லை, மூளையின் அடையாளமே இல்லை. கர்ப்பப்பைக்குள் வைக்காவிட்டால் அது ஒருநாளும் குழந்தையாகப் போவதுமில்லை. குளிரூட்டியில் கிடந்து கடைசியில் வீசப்பட வேண்டியது.

இதைக் 'குழந்தைக் கொலை' என்று சொல்லும் வாதம் நம்முடையதல்ல. அதை நண்பர் எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாமலிருக்கலாம். எனக்குத் தெரியும்.

2001 ஆகஸ்ட் 9ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, அன்றுவரை உருவாக்கப்பட்ட மூலக்கல வரிசைகளுக்கு மட்டுமே அரச பணம் தரப்படும், புதிதாக எடுப்பவற்றுக்குத் தரமுடியாது என்றார். 2006 ஜூலையில் காங்கிரஸ் அந்தத் தடையைத் தளர்த்தி நிறைவேற்றிய சட்டமூலத்தைத் தன் முதலாவது வீட்டோவால் நிறுத்தினார். கருவுற்ற கணத்திலிருந்தே முழு மனிதன் என்ற கிறிஸ்தவ வலதுசாரிகளின் நிலைப்பாடு அதன் பின்னால் இருந்தது. அதே வருடம் ஒக்டோபரில், முப்பது வயதை எட்டுமுன்பே பார்க்கின்சனுக்கு ஆளான நடிகர் மைக்கல் ஜே. ஃபொக்ஸ், இந்த ஆராய்ச்சியை ஆதரிக்கும் வேட்பாளர் ஒருவருக்காகத் தேர்தல் விளம்பரத்தில் தோன்றினார். உடம்பு வளைந்து வளைந்து ஆடியது. ரஷ் லிம்போ என்ற வானொலிக்காரர், இவர் மருந்தைக் குடிக்காமல் வந்திருக்கிறார் அல்லது நடிக்கிறார் என்று ஒலிவாங்கி முன் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். உண்மையில் அந்த ஆட்டம் மருந்து குடித்ததால் வருவது. வருடக்கணக்காக லெவோடோபா குடிக்கும் உடம்பு அப்படித்தான் ஆடும். எங்கள் வீட்டில் மத்தியானம் பதினொரு மணிக்கு வந்தால் பார்க்கலாம்.

அதே புஷ் ஈராக்கின் மேல் குண்டு பொழிந்த காலத்தில் நம் கவிஞர்கள் எழுதியதையெல்லாம் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். நண்பரின் கவிதையும் அதில் உண்டு. நல்ல கவிதை. அந்த மனிதரின் அரசியலைக் கிழித்து எழுதிய அதே பேனா, அவருடைய வீட்டோவுக்கான வாதத்தை மட்டும் வார்த்தை மாறாமல் எடுத்து, மேலே பிஸ்மி எழுதி நம்மிடம் தருகிறது. கத்தோலிக்கர்கள் இந்த வாதத்தைச் சொல்லும்போது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் அதைத் தங்கள் இறையியலிலிருந்து சொல்கிறார்கள். சோதனைக்குழாய் முறையையே எதிர்த்து, முன்னுக்குப் பின் முரணில்லாமல் நிற்கிறார்கள். நாம் சோதனைக்குழாய்ப் பிள்ளைக்கு அகீகா கொடுத்து விருந்தும் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய முளையத்தைப் பற்றி மட்டும் அவர்களுடைய மொழியில் கோபப்படுகிறோம்.

நம்முடைய மரபு என்ன சொல்கிறது? இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கருவின் மூன்று படிகள், ஒவ்வொன்றும் நாற்பது நாள், அதன் பிறகே ரூஹ் ஊதப்படுதல். பெரும்பாலான அறிஞர்கள் இதிலிருந்து நூற்றியிருபது நாள் என்ற கணக்கை எடுத்தார்கள். வேறொரு அறிவிப்பின் அடிப்படையில் நாற்பதையொட்டிய நாட்களைச் சொன்னவர்களும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஐந்தாம் நாள் அதற்குள் வராது.

எனக்குச் சாதகமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். ரூஹ் வரவில்லை என்பதால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்று நம் இமாம்கள் எல்லோரும் சொல்லிவிடவில்லை. மாலிகி மத்ஹப் இதில் மிகக் கடுமையானது. நமது ஷாபிஈ மத்ஹபிலும் ஒரே குரல் இல்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் திருமணம் பற்றிய பகுதியில், கர்ப்பப்பையில் தங்கி உருக்கொள்ளத் தொடங்கியதைக் கெடுப்பது முதற்படியிலேயே குற்றம், படிகள் ஏற ஏறக் குற்றமும் ஏறும் என்று வாதிக்கிறார். இது எளிதில் ஒதுக்கக்கூடிய கருத்தல்ல. ஆனால் அவர் பேசுவது கர்ப்பப்பையில் தங்கியதைப் பற்றி. பாத்திரத்தில் கிடந்து வீசப்படப் போவதைப் பற்றியல்ல. அவர் குற்றத்துக்குப் படி வைக்கிறார் என்பதும் முக்கியம். முதல் நாளும் கடைசி நாளும் ஒன்று என்று சொல்லும் மொழி அவருடையதல்ல. நண்பர் கஸ்ஸாலியை எடுத்து என்னோடு வாதாடியிருந்தால் நான் இரண்டு மாதம் படித்துவிட்டுத்தான் பதில் எழுதியிருப்பேன்.

இந்தக் கேள்வி நம் அறிஞர்களுக்குப் புதிதுமல்ல. 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை தன் பதினேழாவது அமர்வில் இதை எடுத்து ஆராய்ந்தது. வளர்ந்தவரின் உடம்பிலிருந்தும், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும், தானாகக் கலைந்த கருவிலிருந்தும், பெற்றோர் சம்மதத்தோடு கொடுக்கும் மிஞ்சிய முளையங்களிலிருந்தும் மூலக்கலம் எடுப்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. இதற்கென்றே கருவைக் கலைப்பதையும், இதற்கென்றே முளையத்தை உண்டாக்குவதையும், குளோனிங் வழியாக எடுப்பதையும் தடுத்தது. எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தெஹ்ரானில் 1991இல் தொடங்கப்பட்ட ரொயான் நிறுவனம் 2003இல் தன் முதலாவது மனித முளைய மூலக்கல வரிசையை அறிவித்தது. ஸுன்னி மக்காவும் ஷீஆ தெஹ்ரானும் உடன்படும் விடயங்கள் குறைவு. உடன்பட்ட ஒன்றை நமது மேடை கேள்விப்படவேயில்லை.

இனி இரண்டாவது கைதட்டல். எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்பது.

ஸூறத்துல் முஃமினூனின் 12 முதல் 14 வரையான வசனங்களை நானும் ஓதுகிறேன். ஓதும்போது எனக்குள் வருவது பயம் கலந்த வியப்பு. மோரிஸ் புகைல் 1976இல் எழுதிய நூலும், கனடாவின் உடற்கூற்றியலாளர் கீத் மூர் எண்பதுகளில் சொன்னவையும் அந்த வியப்பைச் சான்றிதழாக மாற்றித் தந்தன. அன்று தொடங்கி நம்மவர்கள் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிபோட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். வேதம் நேர்வழிக்கானது, அதைப் பாடப்புத்தகமாக்க வேண்டாம் என்று சொல்லும் ஆலிம்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, எல்லாம் முன்பே சொல்லப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் வெட்கம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு எதையும் செய்யாமல் இருந்தோம் என்றல்லவா அதற்கு அர்த்தம்? இப்னு ஸீனாவின் பெயரைப் பாமசிக்கு வைப்பதோடு நம் வைத்திய வரலாறு நின்றுவிட்டது. ரொயானைப்போல ஒன்றிரண்டு விதிவிலக்குகளை வைத்து நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட சமூகம் எவ்வளவு காலம் ஓட்டப்போகிறது?

அறத்தைப் பற்றித்தான் நண்பர் பேச வந்தார். சரி, இந்த ஆராய்ச்சியில் உண்மையான அறக் கேள்விகள் இருந்தன, இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

1987இல் சுவீடனின் லுண்ட் நகரில் கலைக்கப்பட்ட சிசுக்களின் மூளை இழையத்தைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். ஒரு நோயாளிக்குப் பல சிசுக்கள் தேவைப்பட்டன. இங்கே 'யாரிடமிருந்து எடுத்தீர்கள்' என்று கேட்பதற்கு உண்மையிலேயே இடமிருக்கிறது. மக்கா சபை வேண்டுமென்றே கலைத்ததைத் தடுத்ததும் இதனால்தான். சிலர் நன்றாகத் தேறினார்கள். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. ஆனால் தேறியது கலத்தாலா, நம்பிக்கையாலா என்று எப்படி அறிவது? 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நாற்பது பேரை எடுத்து, இருபது பேருக்கு இழையத்தை வைத்தார்கள். மற்ற இருபது பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு மூடினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. வருத்தம் தீர வந்தவனின் மண்டையைத் துளைத்து ஒன்றும் வைக்காமல் அனுப்புவதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் துளைகள்தாம் உண்மையைச் சொல்லின. அறுபது வயதுக்குக் குறைந்தோரில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் விரும்பிக் கேட்ட மற்றவர்களையும் சேர்த்து இழையம் பெற்ற முப்பத்து மூன்று பேரில் ஐந்து பேருக்கு, மருந்தை நிறுத்தினாலும் நிற்காத உடலாட்டம் வந்தது. 2003இல் வந்த இரண்டாவது ஆய்வில் அது பாதிப் பேருக்கு மேல். அந்தப் பரிசோதனைகளை நடத்தாமல் சுவீடன் செய்தியை மட்டும் நம்பியிருந்தால் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆட்டத்தோடு வாழ்ந்திருப்பார்கள்.

எனக்கு இது படித்து வந்த ஞானமல்ல. 2016இல் என் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. கடல் தாண்டிய ஒரு நகரத்தில் பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை. ஹலால், முளையம் சம்பந்தமில்லை, நோயாளியின் கொழுப்பிலிருந்தே கலம் எடுக்கப்படும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் விநியோகித்தார்கள். ஹலால் என்ற சொல்லைப் பார்த்தேன். ஆதாரம் என்ற சொல் அதில் இல்லை என்பதைப் பார்க்கவில்லை. இரண்டு ஏக்கர் வயலை விற்றேன். வாப்பா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. கூட்டிப்போய் நாளத்தில் ஏற்றினோம். திரும்பி வந்த மூன்று கிழமை வாப்பா நடந்தார். வாசற்படியில் நிற்கவில்லை. உம்மா அழுதார். நான் அந்த நிலையத்துக்குக் கைப்பட ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன். அதை அவர்கள் இன்றும் யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கக்கூடும். நாலாவது கிழமை எல்லாம் பழையபடி.

பிறகுதான் படித்தேன். 2001இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஓர் ஆய்வில், மருந்து என்று நினைத்து வெறும் உப்புநீரை ஏற்றிக்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் உண்மையாகவே டோபமைன் சுரந்தது. எதிர்பார்ப்பே இந்த நோயில் சில நாளைக்கு மருந்தாக வேலை செய்கிறது. ஆகவே இந்த நோயாளியிடம் எதை விற்றாலும் கொஞ்சநாள் நன்றிக் கடிதம் வரும். எங்களுக்குப் போனது வயல் மட்டும். 2009இல் மருத்துவ இதழொன்றில் பதிவான இஸ்ரேலியச் சிறுவனுக்கு வேறொரு நரம்பு நோய். மொஸ்கோவில் சிசுக்களின் நரம்பு மூலக்கலங்களைப் பல தடவை ஏற்றியிருந்தார்கள். சில வருடங்களில் அவன் மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டிகள். சோதித்தபோது கட்டியின் கலங்கள் அவனுடையவையல்ல, கொடுத்தவர்களுடையவை. இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டல், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மச்சை வகை மாற்றங்களைத் தவிர, மற்ற மூலக்கலச் சிகிச்சைகளை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்கு வெளியே செய்யக்கூடாது என்கிறது. நோயாளியிடம் பணம் வாங்கிக்கொண்டு 'பரிசோதனை' செய்பவன் பரிசோதிப்பது நோயாளியின் பணப்பையை.

அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பற்றி எந்த மிம்பரிலும் எந்த மேடையிலும் ஒரு சொல் வரவில்லை. கண்ணாடித் தட்டில் முற்றுப்புள்ளி அளவில் இருப்பதற்காகத் துடிக்கும் அறம், வாசலில் கடதாசி பிடித்துக்கொண்டு நின்ற ஏமாற்றுக்காரனுக்கு முன்னால் எங்கே போனது?

ஆராய்ச்சி இதற்கிடையே நின்றுவிடவில்லை. ஜப்பானில் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதனிலும், வளர்ந்த சாதாரண கலத்துக்குள் நாலு மரபணுக்களைப் புகுத்தி அதை மீண்டும் மூலக்கலமாக்கிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த வழியில் முளையமே தேவையில்லை. 2018 ஒக்டோபரில் கியோத்தோவில் அப்படி உண்டாக்கிய நரம்புக்கலங்களை முதலாவது பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் வைத்தார்கள். மொத்தம் ஏழு பேர். 2025 ஏப்ரலில் முடிவு வந்தது: கட்டி எதுவும் வரவில்லை, பலன் அளக்கப்பட்ட ஆறு பேரில் நாலு பேருக்கு, மருந்து இல்லாத நேரத்து அசைவு மேம்பட்டிருந்தது. அதே நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிரண்டு பேருக்கு முளைய மூலக்கலத்திலிருந்து வந்த கலங்களை வைத்துப் பதினெட்டு மாதம் கவனித்த அறிக்கையும் வெளியானது. அங்கும் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. நண்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் போன கலங்கள், தொம்சன் 1998இல் எடுத்த வரிசைகளில் ஒன்றிலிருந்து பெருகியவை. இருபது வருடத்துக்கு மேல் அதே ஒரு வரிசை. நோயாளி தலைக்கு ஒரு குழந்தை என்ற படம் நண்பரின் கற்பனை.

இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஏழு பேர், பன்னிரண்டு பேர். ஒப்பிட மறுதரப்பு இல்லை. வான்கூவர் உப்புநீர் ஞாபகமிருக்கிறதல்லவா? 2025இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் நூறு பேரளவில் சேர்த்து, ஒரு பகுதியினருக்குப் போலிச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அது முடியும்வரை யாரும் எதையும் விற்கக் கூடாது. பலித்தாலும் டோபமைன் குறைவால் வருவது மட்டுமே சரியாகும். வாப்பாவின் மணம் திரும்பாது. இரவில் அவர் காணும் இல்லாத மனிதர்கள் போகமாட்டார்கள். பழைய சிசு இழையம் பெற்ற சிலரின் மூளையை அவர்கள் இறந்தபின் 2008இல் ஆராய்ந்தபோது, பதினொரு வருடத்துக்கு மேல் உள்ளே வாழ்ந்த புதுக் கலங்களிலும் இந்த நோயின் அடையாளப் படிவுகள் இருந்தன.

விலை என்னவாக இருக்கும் என்பது வேறு. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அறுபது வருடப் பழைய லெவோடோபாவுக்காக நான் மூன்று நகரத்துப் பாமசிகளில் ஏறி இறங்கினேன். அரைக் குளிசையாக உடைத்துக் கொடுத்து நாள் கடத்தினோம். மூலக்கலம் நம் வாசலுக்கு வரும் நாளில் அதை வாங்கக்கூடியவர் யார் என்பது நமது எழுத்தாளர்கள் கோபப்பட வேண்டிய கேள்வி. அந்தக் கோபத்தை யாரிடமும் இரவல் வாங்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு தகவல். நண்பர் மறந்திருக்கலாம், அவருக்கு எட்டாம் ஆண்டிலும் ஒன்பதாம் ஆண்டிலும் தமிழ் படிப்பித்தவர் என் வாப்பாதான். அவருடைய உரையின் அச்சுப் பிரதியை வாப்பா வாங்கி வாசித்தார். வாசிக்க நாலு நாள் எடுத்தது. 'பொடியன் நல்லாத்தான் எழுதுறான், ஆனா ஒருத்தரையும் கேக்காம எழுதுறான்' என்றார். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறார். இரண்டு சந்திப்பிழை, ஒரு ஹதீஸின் அறிவிப்பாளர் பெயர் தவறு, இன்னும் ஏழெட்டுக் கேள்விகள். எழுத்து மிகச் சிறிது. நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன். பிரதி எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக் குளிசைக்கு ஒரு மணித்தியாலம் கழித்து வந்தால் வாப்பா நன்றாகக் கதைப்பார். நண்பர் வரட்டும், வாசற்படியில் கீறியிருக்கும் வெள்ளைக் கோடுகளை மட்டும் மிதித்து அழித்துவிட வேண்டாம், போன கிழமைதான் புதிதாகப் பெயின்ற் அடித்தோம்.